கார்டியன் வேலைக்கு இரண்டு பேர்

தம்பி வாயைத் திறக்காமல் இருந்தால் கேஸ் சட்டென்று முடிந்துவிடும் என்று வக்கீல் சொல்லியிருந்தார். அக்கா அதற்காகவே ஒரு பாக்கெட் மிட்டாய் வாங்கி வந்தாள். நீதிபதியின் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, ஒன்று கரையக் கரைய இன்னொன்றை அவன் வாயில் போட்டுக்கொண்டே இருந்தாள்.

தம்பிக்கு முப்பத்து நாலு வயது. அறிவு வளர்ச்சிக் குறைபாடு என்று டாக்டர்கள் எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஒரு கேள்வி கேட்டால் அது உள்ளே போய், உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் பதிலாக வெளியே வரும். அவ்வளவு நேரம் காத்திருக்க அக்காவுக்குப் பொறுமை கிடையாது. அவன் பதிலையும் அவளே சொல்லிவிடுவாள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் ஓடுகிறது.

அப்பா செத்த பிறகு, தம்பியின் பங்குக்குக் கையெழுத்துப் போடக் கோர்ட் நியமித்த கார்டியன் வேண்டும் என்று வங்கியில் சொல்லிவிட்டார்கள். அக்கா மனுப் போட்டாள். உடனே அண்ணனும் ஒன்று போட்டான். அவன் ஜெயித்தால் தம்பியை ஏதாவது காப்பகத்தில் தள்ளிவிட்டு வீட்டை விற்றுவிடுவான். தம்பி பக்கத்தில் இல்லாவிட்டால் அக்கா யாருக்காகப் பேசுவாள்?

உள்ளே கூப்பிட்டார்கள். நீதிபதி வயதான அம்மாள். இரண்டு மனுக்களையும் மூடி வைத்துவிட்டு, இவர்களில் யார் உனக்குக் கார்டியனாக இருக்கலாம் என்று தம்பியைக் கேட்டார்.

"நான்தாங்க," என்றாள் அக்கா.

"உங்களைக் கேக்கலம்மா."

தம்பி தலையைத் திருப்பினான். அக்காவின் உள்ளங்கை தானாக நீண்டது. அதில் மிட்டாயைத் துப்பினான். எல்லோரும் காத்திருந்தார்கள். வக்கீல் இருமினார்.

"எங்க லாண்டரில," என்றான் தம்பி, "வேலைக்கு எடுக்கறதுக்கு முன்னாடி நாலு கேள்வி கேப்பாங்க."

அவன் ஆஸ்பத்திரி லாண்டரியில் படுக்கை விரிப்பு மடிக்கிறவன். புதிதாக யார் வந்தாலும் சூப்பர்வைசர் உட்காரவைத்துக் குடைவதைப் பல வருடமாகப் பார்த்து வருகிறான். குடையும் வாய்ப்பு இன்றுதான் கிடைத்தது. நீதிபதியும் கேள் என்று தலையசைத்துவிட்டார்.

முதலில் அண்ணன். நான் எங்கே வேலை பார்க்கிறேன் என்று கேட்டான் தம்பி. ஏதோ ஒரு ஹோட்டலில் என்றான் அண்ணன்.

"சரிங்க. சொல்லி அனுப்பறோம்."

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். தம்பியைப் பற்றிய சங்கதியெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

"போன வாரம் டாக்டர் எங்க வலிக்குதுன்னு என்னைக் கேட்டாரு. யாரு பதில் சொன்னா?"

"நான்தான்டா. வேற யாரு சொல்லுவா?"

"என்ன சொன்ன?"

"வயிறுன்னு."

தம்பி நீதிபதியின் பக்கம் திரும்பினான். "காது," என்றான்.

அன்றிலிருந்து வேளை தவறாமல் அவனுக்கு வயிற்று மருந்தை ஊற்றியவள் அவள்தான். முகம் சுளித்தபோது ஒரு அதட்டலும் போட்டிருந்தாள்.

"ஏன்டா அப்பவே சொல்லல?"

"சொல்ல ஆரம்பிச்சேன். அதுக்குள்ள நீ மருந்து கடைக்குப் போயிட்ட."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்கிற சாக்கில் கொஞ்ச நேரம் குனிந்தே இருந்தார். பிறகு, முடிவு என்னப்பா என்று கேட்டார்.

"அக்காவை எடுத்துக்கலாம் மேடம். ஆனா முதல் மூணு மாசம் தற்காலிகம்தான். எல்லாருக்கும் அப்படித்தான்."

உத்தரவும் கிட்டத்தட்ட அப்படியே வந்தது. வங்கிக்கும் சொத்துக்கும் மட்டும் அக்கா கார்டியன், அதுவும் தற்காலிகமாக. உடம்பு, வேலை, எங்கே தங்குவது என்பதெல்லாம் அவன் இஷ்டம். நிரந்தரமாக்குவது பற்றி அவனைக் கேட்டுவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

ஜெயித்துவிட்டோம் என்று வக்கீல் கை கொடுத்தார். அக்காவுக்கு அப்படித் தோன்றவில்லை. மூக்குச்சளி துடைத்து வளர்த்தவனிடமே வேலை கேட்டு நின்ற மாதிரி இருந்தது. அதற்காகக் காதை விட முடியுமா? நேரே டாக்டரிடம் அழைத்துப் போனாள்.

என்ன பண்ணுது என்று டாக்டர் பழக்கதோஷத்தில் அவளைப் பார்த்துத்தான் கேட்டார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். தம்பி யோசித்தான். சுவரில் இருந்த படத்தைப் பார்த்தான். மறுபடி யோசித்தான். அவளுக்கு உச்சந்தலை அரித்தது. வாய் தானாகத் திறந்தது.

"அக்கா, நீ வெளிய இரு," என்றான் அவன்.

வெளியே வந்து உட்கார்ந்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் அவன் குரல் விட்டு விட்டுக் கேட்டது. இவ்வளவு பேச்சை எங்கே வைத்திருந்தான்? ஒரு தடவை டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். எதற்கென்று பிடிபடவில்லை. கதவில் காதை வைக்க எழுந்தாள். கம்பவுண்டர் நிமிர்ந்து பார்த்ததும் புடவையைச் சரிசெய்வது போல் செய்துவிட்டு மறுபடி உட்கார்ந்தாள்.

கடைசியில் டாக்டர் தலையை மட்டும் வெளியே நீட்டினார்.

"என்ன பிரச்சினைன்னு உங்ககிட்ட சொல்லலாமான்னு அவரைக் கேட்டேன்மா. யோசிச்சுச் சொல்றாராம்."

அக்கா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். அவன் யோசித்து முடிக்க எவ்வளவு நேரமாகும் என்று அவளுக்குத் தெரியாது. இதுவரை ஒரு தடவையும் காத்திருந்து பார்த்ததில்லை.