கிளிக்குக் கொய்யாப்பழம்

மதியம் மூன்று மணிக்குத் திருப்பதி கடைவீதியில் கூட்டம் கொஞ்சம் ஓயும். யமுனா அப்போதுதான் வளையல் ஸ்டாண்டில் ஃபோனைச் சாய்த்து வைத்து, அதன் கீழே மகளின் நோட்டை விரித்து, பென்சிலை இடது கையில் எடுப்பாள். பள்ளிக்கூடம் ஏற்றித் தந்த ஆப்பைத் திறந்து ஃபோன் வழியாகப் பார்த்தால் வெறும் தாளின் மேல் பச்சைக் கிளி ஒன்று பறக்கும். வாலாலேயே ஒரு தெலுங்கு எழுத்தை வரைந்து, அதைச் சொல்லியும் காட்டும். அந்தக் கோட்டின் மேல் பென்சில் ரொம்பப் பிசகாமல் போனால் கிளி ஒரு கொய்யாப்பழம் தின்னும். பிசகினால் சம்பந்தி வீட்டாரைப்போல முகத்தைத் திருப்பிக்கொள்ளும். நாளைக்குப் பத்து எழுத்து. எழுதியது அப்படியே பள்ளிக்கூடத்துக்குப் போய்விடும்.

எழுத வேண்டியவள் யு.கே.ஜி. படிக்கும் பவ்யா. வகுப்பில் பாட்டும் படமும்தான்; எழுத்து முழுக்க வீட்டில், கிளியோடு. புருஷன் தனசேகரோ ஸ்ரீசிட்டி பேக்டரிக்குத் தன் ஃபோனோடு போனால் வாரம் கழித்துத்தான் வருவான். யமுனாவின் ஃபோனில்தான் கடைக்குப் பணம் வந்து விழ வேண்டும். காலையில் பள்ளிக்கும் கடைக்கும் கிளம்பவே நேரம் போதாது; கடை அடைத்து அவள் வீடு சேரும்போது, பக்கத்து வீட்டு பாப்பாத்தியக்கா மடியில் பவ்யா தூங்கிப்போயிருப்பாள். விட்டுப்போன ஒரு நாள் பாடத்தை ஒப்பேற்றத்தான் யமுனா பென்சிலைத் தொட்டாள். வலது கையென்றால் பெரியவர் எழுத்து என்று தெரிந்துவிடுமே என்று இடது கைக்கு மாற்றினாள். அந்தக் கெட்டிக்காரத்தனம் நாலு மாதமாக ஓடிக்கொண்டிருந்தது.

திருத்தணி பக்கமிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். நாலு பாஷையில் பேரம் பேசுவாள். தெலுங்கில் அவளிடம் வாய் கொடுத்தவர் ஒரு டஜனாவது வாங்காமல் நகர்ந்ததில்லை. ஆனால் ஒரு பஸ் போர்டு படிக்கத் தெரியாது. இப்போது போர்டுகள் தாமாகவே கண்ணில் வந்து உட்கார்ந்தன. அதில் அவளுக்கு ஒரு திருட்டுச் சந்தோஷம்.

வியாழக்கிழமை பவ்யாவின் வகுப்பு மோகனப்ரியா மிஸ் ஃபோன் செய்தார்.

"யமுனாம்மா, மன பவ்யா, நம்ம பவ்யாதான் ஃபர்ஸ்ட்! சனிக்கிழமை பேரன்ட்ஸ் மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் எழுதிக் காட்டணும். தப்பாம வந்துடுங்க."

மறுநாள் காலை யமுனா மகளைக் கிளியின் முன் உட்கார வைத்தாள். பென்சில் போன இடமெல்லாம் வேறு. கிளி முகத்தைத் திருப்பியது. மறுபடியும் திருப்பியது.

"கிளிக்கு என்னியப் புடிக்கலம்மா."

"புடிக்கும் கண்ணு. இன்னொரு வாட்டி எழுது."

பவ்யா திரையின் ஓரத்தைத் தொட்டாள். அங்கே கிளி தின்ற பழத்துக்குக் கணக்காக, அவள் பேர் போட்ட கூடை கொய்யாப்பழத்தால் வழிந்துகொண்டிருந்தது. "இவ்ளோ பழம் துன்னுகினு இருக்குதே, யாரும்மா குடுத்தது?"

யமுனா அடுப்பைப் பார்க்க எழுந்து போனாள். ஜுரம் என்று மிஸ்ஸிடம் சொல்லிவிடலாமா என்று மகளிடமே கேட்டும் பார்த்தாள். "எனுக்கு ஜுரம் இல்லியே," என்று பவ்யா தானே நெற்றியைத் தொட்டுக் காட்டினாள்.

சனிக்கிழமை ஹால் நிறைந்திருந்தது. சுவரில் பெரிய திரை, அதில் ஆளுயரக் கிளி. பேரைக் கூப்பிட்டதும் பவ்யா போய்க் குட்டி மேஜை முன் நின்றாள். பென்சிலைப் பிடித்தாள். திரும்பி அம்மாவைத் தேடினாள்.

யமுனா எழுந்து போனாள். "மிஸ், பாப்பா எழுதல. எல்லாம் நான் எழுதனது."

"ஊருகோண்டி, சும்மா இருங்க!" மிஸ் சிரித்துவிட்டார். "பெரியவங்க யாராவது இப்படிக் கோணல்மாணலா எழுதுவாங்களா?"

"கொழந்த பயப்படுது, அம்மா சால்ஜாப்பு சொல்லிகினு கீது," என்றார் பின்வரிசையில் ஒருவர். "வளையல் விக்கிற வாயி, சும்மாவா!"

வாழ்க்கையில் முதல் முறையாக அவள் சொன்ன நிஜம் விலைபோகவில்லை. யமுனா குட்டி நாற்காலியில் உட்கார்ந்தாள். முட்டி இரண்டும் மார்பு வரை வந்தன. மகள் கையிலிருந்த பென்சிலை வாங்கி இடது கையில் பிடித்தாள். எழுத்தின் வளைவு தாளில் அதே கோணல்மாணலாக இறங்கியது. மிஸ்ஸின் சிரிப்பு நின்றது.

"கூடையில பழம் போட்டது நீயாம்மா?" என்றாள் பவ்யா.

யமுனா ஆமென்று தலையசைத்தாள், தாளைவிட்டுக் கண் எடுக்காமல்.

பவ்யா தாளை எட்டிப் பார்த்தாள். பிறகு நெருங்கி வந்து, அம்மாவின் விரல்களுக்கு மேல் தன் கையை வைத்து அழுத்திப் பிடித்தாள். பென்சில் ஒரு பக்கம் இழுத்தது, மறு பக்கம் போனது. சுவரில் கிளி பாதிக் கோட்டில் நின்று, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தது.