பிறவுணிக்குப் பிடிக்காதது

கல்லடிப் பாலத்தில் ஏறும்போதே போன் அடித்தது. விதுர்ஷா ஸ்கூட்டியை நிறுத்தவில்லை. போனை ஹெல்மட்டுக்கும் காதுக்கும் நடுவே செருகிக்கொண்டாள். வாவிக் காற்றில், நாய்க் காப்பகத்தை நடத்தும் மர்சூக் சேரின் குரல் பாதிதான் கேட்டது.

"ரெண்டு நாய் திரும்பி வந்திட்டு, பிள்ளை. இந்த மாசம் இன்னொண்டும் வந்தா உங்கட வேலைய நான் எப்படிக் காப்பாத்துற?"

"இது வராது சேர். எறிக்கா அன்ரிட வீட்டுக்குத்தான் போறன்."

காப்பகத்திலிருந்து நாய் எடுத்து வளர்ப்பவர்களின் வீடுகளுக்குப் போய், கடிக்கிறது, ஊளையிடுகிறது என்ற முறைப்பாடுகளைத் தீர்த்துவைப்பது அவள் வேலை. எறிக்கா எடுத்த நாய் பிறவுணிக்கு, ஹெல்மட் போட்ட தலையைக் கண்டால் போதும், வெறி பிடித்துவிடும். மூன்று வாரமாக அதற்குப் பாடம் நடக்கிறது. எறிக்காவின் புருஷன் க்ளைவ் தச்சு வேலை முடிந்து வந்ததும், கேற்றுக்கு வெளியே ஹெல்மட்டைக் கழற்றி மண்ணில் கவிழ்த்து வைக்கவேண்டும். பக்கத்தில் ஒரு துண்டுக் கருவாடு. பிறவுணி மோந்து பார்த்துத் தின்று முடிக்கும்வரை மனுசன் வெளியேதான்.

டச்பாரில் எறிக்காவின் வீட்டு வாசலில் ஸ்கூட்டியை நிறுத்தியபோதும் சேர் விடவில்லை. "ஓம் சேர்... ஓம் சேர்..." என்றபடியே கேற்றைத் திறந்து உள்ளே போனாள்.

பிறவுணி குரைக்கவில்லை. நேராக வந்து முழங்காலுக்குக் கீழே கவ்வியது.

"ஐயோ யேசுவே!" அகப்பையோடு ஓடிவந்த எறிக்கா நாயை இழுத்துக் கட்டினாள். சவர்க்காரம் போட்டுக் காயத்தைக் கழுவினாள். "ஹெல்மட்டோட வரப்படா எண்டு எங்களுக்குச் செல்லித்து நீங்களே வாறீங்களா மகள்? அவர் மழைக்குள்ளயும் வெளிய நிண்டு நாய்க்குக் கருவாடு குடுக்காரு. கலியாணம் முடிச்ச நாள்ள இருந்து எனக்கு ஒரு துண்டு ஊட்டினதில்ல!"

விதுர்ஷா வலியிலும் சிரித்துவிட்டாள். எறிக்கா சிரிக்கவில்லை.

"கடிச்ச நாய இனி வெச்சிரிக்கேலா. கொண்டு போயிருங்க."

"பிழை என்னில அன்ரி. போன்ல கதைச்சிக்கிட்டே கழட்ட மறந்திட்டன். காப்பகத்துக்குத் திரும்பி வந்தா இதுக்குக் காலம் முழுக்கக் கூடுதான். எனக்கு வேலையும் போயிரும்."

எறிக்கா நாயையும் காயத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போங்க. நான் ஒருத்தருக்கும் செல்ல மாட்டன்."

ஆஸ்பத்திரியில் விசர்நாய்க்கடி ஊசி போட்ட தாதி மிஸ்ஸி, அட்டையில் திகதிகளை எழுதிக் கொடுத்தாள். "அடுத்த ஊசி வெள்ளி காலையில. தவறவிடப்படா."

வாசலுக்கு வருமுன் போன் அடித்தது.

"லைன் கட்டாயிட்டு பிள்ளை. கடி, கீறல் ஒண்டும் இல்லையே? ரிப்போட் அனுப்பணும்."

கட்டுத் துணியில் சிவப்பு ஊறிக்கொண்டிருந்தது.

"இல்ல சேர்."

"அல்ஹம்துலில்லாஹ். வெள்ளி காலையில ஏறாவூருல ஒரு வீடு இரிக்கு. லீவு கீவு கேக்கப்படா."

"ஓம் சேர்."

அட்டையை நாலாக மடித்து ஹெல்மட்டின் பஞ்சுக்குள் செருகினாள். தலையில் மாட்டியபோது அதன் முனை காதில் குத்தியது.