இஞ்சி நசுக்கிய உருண்டை

ரெட்டிபாளையம் வீரமுத்து நான்கு வருடங்களுக்கு முன் ஒரு புரட்டாசி ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏவிவிட்ட இரும்பு உருண்டை இன்னும் கீழே இறங்கவில்லை. அது இறங்கியதும் தானும் கிளம்பிவிடுவதாக அவர் சொல்லியிருந்தபடியால், அவரும் இன்னும் கிளம்பவில்லை. இதை ஓர் அதிசயமென்று எங்கள் தெருவில் யாரும் சொல்வதில்லை. போன வாரம் தங்கமாக விற்ற சின்ன வெங்காயத்தை இந்த வாரம் மாட்டுக்குக் கொட்டுகிறோம். அதற்கே காரணம் தெரியாதவர்கள் உருண்டைக்குக் காரணம் கேட்பது அழகில்லை.

உருண்டை ஓடிக்கொண்டிருப்பது ஒரு பின்பால் மிஷினுக்குள். கட்டில் நீளத்துக்கு, நான்கு காலில் நிற்கிற, மேலே கண்ணாடி போட்ட பெட்டி அது. உள்ளே இருக்கும் பலகை ஆடுகிறவரைப் பார்த்துக் கொஞ்சம் சாய்ந்திருக்கும். வலது பக்கக் கம்பியை இழுத்து விட்டால் உருண்டை உச்சிக்கு ஏறி, காளான் மாதிரி முளைத்து நிற்கும் விளக்குகளில் முட்டி, மணியடித்து, எண்களைக் கூட்டிவிட்டுக் கீழே வரும். கீழே இடமும் வலமுமாக இரண்டு துடுப்புகள். பொத்தானை அமுக்கினால் துடுப்பு உருண்டையைத் தட்டி மேலே அனுப்பும். தவறவிட்டால் நடுவில் இருக்கும் பள்ளத்தில் விழும், ஆட்டம் முடிந்தது. வாழ்க்கையும் இப்படித்தான் என்று பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு முறை சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்களுக்கு டீ கிடையாது என்று வீரமுத்துவின் மனைவி கலியம்மாள் முடிவெடுத்த பிறகுதான் அது குறைந்தது.

வீரமுத்து சிமெண்ட் ஆலையில் மில் ஓட்டியவர். மில் என்றால், ஒரு ரயில் பெட்டியைவிடப் பெரிய இரும்பு உருளை. அதற்குள் ஆயிரக்கணக்கான இரும்பு உருண்டைகளைப் போட்டுச் சுற்றவிட்டால் அவை உருண்டு புரண்டு கல்லை மாவாக்கும். வேலை முடிந்து திரும்பும்போதெல்லாம் ஆபீசர்கள் கிளப்பின் சன்னல் வழியே அந்தப் பின்பால் மிஷினைப் பார்ப்பார். நாள் முழுக்க ஆயிரம் உருண்டைகளை ஓட்டியவருக்கு, ஒரே ஓர் உருண்டையோடு ஆபீசர்கள் படுகிற பாடு பார்க்கப் பிடித்திருந்தது. பிறகு கிளப்பை இடித்தார்கள். மிஷின் பழைய இரும்போடு போய்க் கிடந்தது. ஓய்வு பெறுகிறவர்களுக்கு ஆலையில் சுவர்க்கடிகாரம் கொடுப்பது வழக்கம். வீரமுத்து கடிகாரம் வேண்டாம், அந்த மிஷினைக் கொடுங்கள் என்றார். கடிகாரத்துக்கு ஆணி அடித்து வைத்துக் காத்திருந்த கலியம்மாள் முன்னால் ஒரு டிராக்டர் வந்து நின்றது. அந்த ஆணியில் இன்றைக்கும் அவள் எதையும் மாட்டவில்லை. மிஷின் மாட்டுக் கொட்டகையில் தார்ப்பாய்க்கடியில் போனது. கோழிகள் அதற்குள் முட்டையிட்டன.

இருபது வருடம் கழித்து, திருச்சி ஆஸ்பத்திரியில் வீரமுத்துவை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் ஆசைப்பட்டதைக் கொடுக்கச் சொன்னார்கள். அரியலூர்ப் பக்கத்தில் அப்பா வேலை பார்த்த அதே ஆலையில் ஃபிட்டராக இருக்கும் இளைய மகன் இளவரசன், பாயாசமா, வஞ்சிர மீனா என்று கேட்டான். "தின்னதெல்லாம் போதும்டா," என்றார் வீரமுத்து. "அந்த மிஷின்ல ஒரே ஒரு ஆட்டம். அவ்ளோதான்."

சேதி கேட்டு, பெரம்பலூரில் வெங்காய வியாபாரம் செய்யும் மூத்த மகன் ராஜராஜனும் வந்து சேர்ந்தார். அண்ணனும் தம்பியும் பேசி எட்டு வருடம் ஆகியிருந்தது. ராஜராஜன் வீட்டுக் கிரகப்பிரவேசப் பத்திரிகையில் தம்பியின் பெயர் சம்பந்தியின் பெயருக்குக் கீழே அச்சாகியிருந்ததுதான் காரணம். எங்கள் பக்கத்தில் பங்காளிகள் வெட்டிக்கொள்வதற்கு இதைவிடச் சின்னக் காரணங்களும் போதும் என்பதால் யாரும் சமாதானம் பேசப் போகவில்லை. இரண்டு பேருக்கும் சொல்ல வேண்டியதையெல்லாம் இளவரசனின் மனைவி வேணியிடம் சொல்வார்கள். அவள் ஒரு முழம் தள்ளி நிற்பவரிடம் அதைத் திரும்பச் சொல்வாள்.

மிஷினைத் திறந்தபோது உள்ளே சிறிய சுவர் ஒன்று எழும்பியிருந்தது. இத்தனை வருட ஆலைத் தூசியும் கொட்டகையில் ஒழுகிய மழையும் சேர்ந்து அதைக் கட்டியிருந்தன. பூச்சுதான் பாக்கி. இளவரசன் அதை ஸ்க்ரூ டிரைவராலும் பல் பிரஷ்ஷாலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்த்தான். ஜெயங்கொண்டத்தில் போர்வெல் மோட்டாருக்குச் செப்புக்கம்பிக் காயில் கட்டும் செந்தில்குமார் வந்து துடுப்புகளுக்குப் புதிதாகக் காயில் சுற்றிக் கொடுத்தார். முதல் முறை பழக்கதோஷத்தில் அறுநூறு அடி ஆழத்துக்குச் சுற்றிவிட்டார் போலும். சோதனைக்கு வைத்த எலுமிச்சம்பழம் கொட்டகைக் கூரையைத் துளைத்துக்கொண்டு போய்விட்டது. மறுபடி பிரித்துக் குறைத்துச் சுற்றினார். ரப்பர் வளையங்கள் தையல் மிஷின் கடையில் கிடைத்தன. கண்ணாடியைப் போட்டோ ஃப்ரேம் கடையில் வெட்டினார்கள். மிஷினின் நெற்றியில் ஒரு கடலும் ஒரு கடல்கன்னியும் வரைந்திருந்தார்கள். கன்னியின் முகம் உரிந்து போயிருந்ததால் ராஜராஜனின் மகள் இலக்கியா புது முகம் வரைந்தாள். வரைந்து முடித்ததும் அது மூக்குத்தி போட்ட கலியம்மாள். "மீனுக்கு எதுக்குடி மூக்குத்தி?" என்று கேட்டுவிட்டுக் கலியம்மாள் உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் வேறு ஏதோ வேலை இருப்பதுபோல் வந்து மறுபடி பார்த்துவிட்டுப் போனாள்.

மிச்சமிருந்தது, மிஷினின் வயிற்றில் இருந்த நூற்றுக்கணக்கான சின்னச் சின்னப் பித்தளை நாக்குகள். அவை ஒன்றையொன்று தொட்டால்தான் மணி அடிக்கும், எண் நகரும். எல்லாம் களிம்பேறிக் கிடந்தன. உப்புத்தாள் போட்டால் தேய்ந்துவிடும். வழவழப்பான தடித்த அட்டையை நடுவில் விட்டு இழுக்க வேண்டும் என்றார் செந்தில்குமார். ராஜராஜன் பெரம்பலூருக்கு பஸ் ஏறிப் போய், பீரோவில் மிச்சமிருந்த கிரகப்பிரவேசப் பத்திரிகைக் கட்டோடு திரும்பி வந்தார். நல்ல அட்டை, மினுமினுக்கிற மஞ்சள். அவர் கத்தரித்துக் கொடுக்கக் கொடுக்க இளவரசன் வாங்கி இழுத்தான். சம்பந்தியும் தம்பியும் மேலும் கீழுமாக நின்ற அந்த வரி ஒவ்வொரு நாக்காகத் தேய்ந்து கறுத்துப் போனது. அப்போதும் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. வேணி காபி கொண்டுவந்து, "அவரு குடிக்கச் சொன்னாரு, இவரும் குடிக்கச் சொன்னாரு," என்று நடுவில் வைத்துவிட்டுப் போனாள்.

மிஷின் கிளப்பில் இருந்ததைவிடப் பளபளப்பாக வந்து நடு வீட்டில் நின்றது. விளக்குகள் எரிந்ததும் வீடு முழுக்கக் கடல் வாசனை அடித்தது. ஒரு காலத்தில் கடலாகக் கிடந்து, சுரங்கம் தோண்டினால் இன்றும் சங்கும் சிப்பியும் கிடைக்கிற ஊரில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. யார் மீன் வாங்கினது என்று மட்டும் வேணி கேட்டாள். அதன் பிறகுதான் உருண்டை இல்லை என்பது தெரிந்தது. எந்தக் கோழி எங்கே உருட்டியதோ. இளவரசன் அடுப்படிக்குப் போய், அம்மா இஞ்சி நசுக்குகிற உருண்டையை எடுத்து வந்தான். எங்கள் பக்கத்தில் ஆலைக்காரர்கள் வீட்டில் எல்லாம் இப்படி ஒன்று இருக்கும். மில்லில் ஓடி ஓடித் தேய்ந்து நெல்லிக்காயளவு ஆனதும் வெளியே எறிந்தது. அளவு கச்சிதமாக இருந்தது. "அது ஒரு எடத்துல கெடக்காதுப்பா," என்று கலியம்மாள் எச்சரித்தாள். "மேடையில வெச்சா உருண்டுகிட்டே இருக்கும். நான் டம்ளரக் கவுத்துதான் வெக்கிறது." இரும்பு உருண்டை எதுவானால் என்ன என்று இளவரசன் நினைத்தான். ஃபிட்டர்கள் செய்யக்கூடிய தவறு இது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் உறவுக்காரர்கள் எல்லாரும் இருந்தார்கள். பந்தல் போடும் சாமிக்கண்ணு சும்மா பார்க்க வந்ததாகச் சொல்லி, கண்ணாலேயே வாசலை அளந்துகொண்டிருந்தார். வீரமுத்துவை நாற்காலியில் தூக்கி வைத்தார்கள். அவர் கம்பியை இழுத்து, உருண்டையைப் பார்த்து, "நீ எறங்கு, நானும் கெளம்புறேன்," என்று சொல்லிக் கம்பியை விட்டார். சொன்ன சொல் மாறாதவர். முப்பது வருட வேலையில், அடுத்த ஷிப்ட் ஆள், அதாவது ரிலீவர், வந்து கையொப்பம் போடாமல் மில்லை விட்டு ஒரு நாளும் இறங்கியதில்லை. உருண்டை ஏறியது, முட்டியது, மணியடித்தது, இறங்கியது. துடுப்பு தட்டியது. மறுபடி ஏறியது. மத்தியானமாகியும் ஆட்டம் முடியவில்லை. வீரமுத்துவின் கை சோர்ந்ததும் இளவரசன் பொத்தானை வாங்கிக்கொண்டான். அவன் கை சோர்ந்ததும் ராஜராஜன். சாயங்காலம் சாமிக்கண்ணு சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிப் போனார்.

மறுநாள் அந்த வீட்டில் ஷிப்ட் போட்டார்கள். வேறு ஊராக இருந்தால் பிரார்த்தனை செய்திருப்பார்கள். ஆலை ஊரில் நிற்காமல் ஓடும் எதற்கும் ஏ, பி, சி என்று மூன்று ஷிப்ட்தான் தெரியும். தெருவே பங்கெடுத்தது. வருகிறவர் "உருண்டை எங்க?" என்று கேட்க வேண்டும்; போகிறவர் "மேல, மூணாவது காளான்ட்ட" என்று சொல்லி, கையெடுக்காமல் பொத்தானை மாற்ற வேண்டும். வீரமுத்து கட்டிலில் படுத்து மணிச்சத்தம் கேட்டுக்கொண்டிருந்தார். கஞ்சி குடித்தவர் இட்லிக்கு வந்தார். இட்லியிலிருந்து கறிக்குழம்புக்கு வந்தார்.

கார்த்திகையில் ஆலை நோட்டீஸ் போர்டில் ஷட்டவுன் தேதி ஒட்டினார்கள். வருடத்துக்கொரு முறை மில்லை நிறுத்திப் பழுது பார்ப்பது. இளவரசன் வீட்டுக்கு வந்து அதைச் சொன்னதும் கலியம்மாளின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. "ஷட்டவுன்லதான்டா அந்த உருண்டை அடங்கிக் கெடக்கும். அப்ப மட்டுந்தான் டம்ளரு இல்லாம வெப்பேன்." இளவரசன் மேனேஜரிடம் போய், ஷட்டவுனைத் தள்ளிவைக்க முடியுமா என்று கேட்டான். காரணத்தையும் சொன்னான். மேனேஜர் அவனுக்கு ஒரு நாள் லீவு கொடுத்தார்.

ஷட்டவுன் அன்று காலை மில் நின்றது. ஊரில் எப்போதும் இருக்கிற இரைச்சல் நின்றதால் காக்காய்கள் கத்துவதைப் பலர் முதல் முறையாகக் கேட்டார்கள். மிஷினுக்குள் உருண்டை வெல்லப்பாகில் விழுந்ததுபோல் நிதானித்தது. இடது துடுப்பில் ராஜராஜன், வலது துடுப்பில் இளவரசன், தோளோடு தோள் இடிக்க.

"வேணி, அவன் பக்கம் வருதுன்னு சொல்லும்மா."

"அவருக்குத் தெரியும்னு சொல்லு, வேணி."

வேணி சொல்லவில்லை. அவள் மாமனாரையே பார்த்துக்கொண்டிருந்தாள். உருண்டை மெதுவாக, நேராக, நடுப்பள்ளத்தைப் பார்த்து இறங்கியது. மிஷின் லேசாக ஆடியது. ரொம்ப ஆட்டினால் உள்ளே தொங்கும் தூக்குக்குண்டு அதைச் சுற்றியிருக்கும் வளையத்தில் பட்டு மிஷின் மொத்தமாக அணைந்துவிடும்.

"டேய், ஆட்டாதடா. செத்துரும்."

"நான் ஆட்டலண்ணே. கை நடுங்குது."

எட்டு வருடத்தில் அவர்கள் நேருக்கு நேர் பேசியது இதுதான் முதல் முறை. ராஜராஜன் தன் பொத்தானை விட்டுவிட்டுத் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டார். அண்ணன் பிடித்ததும் தம்பிக்குத் தன் பொத்தான் மறந்து போனது. இரண்டு துடுப்பும் சும்மா கிடக்க, நடுவே வந்த உருண்டை பள்ளத்தின் விளிம்பில், கேட் போட்ட லெவல் கிராசிங்கில் பஸ் நிற்பதுபோல் நின்றது. விழவில்லை.

வீரமுத்து கட்டிலிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார். "ஷட்டவுன்ல எவன்டா வேல பாப்பான்? போயிச் சாப்புடுங்க." சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்து மூடித் தூங்கிப் போனார். கலியம்மாள் மூக்கில் விரல் வைத்துப் பார்த்தாள். மூச்சு சீராக இருந்தது. ஷட்டவுன் முடியும்வரை அவர் எழுந்திருக்கவில்லை, உண்ணவுமில்லை, இளைக்கவுமில்லை. மில் மறுபடி ஓடிய காலையில் உருண்டை விளிம்பிலிருந்து தானாக மேலேறிப் போய் முதல் மணியை அடித்தது. வீரமுத்து எழுந்து உட்கார்ந்து இஞ்சி டீ கேட்டார்.

"இஞ்சி நசுக்குற உருண்டையத்தான் நீங்க ஓட்டிக்கிட்டு இருக்கீங்களே," என்றாள் கலியம்மாள். ஆனாலும் அம்மிக்குழவியால் நசுக்கிப் போட்டுக் கொடுத்தாள்.

உருண்டைக்கு யாரும் தேவையில்லை என்பது அன்றோடு எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அப்படியும் ஷிப்ட் நிற்கவில்லை. ராஜராஜன் ஞாயிறுதோறும் ஒரு மூட்டை வெங்காயத்தோடு பெரம்பலூரிலிருந்து பி ஷிப்டுக்கு வருகிறார். ரெண்டு மணி ஷிப்டுக்குப் பதினோரு மணிக்கே வந்துவிடுகிறார். ஏ ஷிப்ட் முடித்த இளவரசன் சாயங்காலம்வரை மிஷினை விட்டு நகர்வதில்லை. "அதான் தானா ஓடுதே, எதுக்கு மாமா நிக்கிறீங்க?" என்று வேணி ஒருமுறை கேட்டாள். "ஆளில்லாம மில்லு ஓட்டுனா சேஃப்டி ஆபீசர் சும்மா விடுவானாம்மா?" என்றார் ராஜராஜன். தம்பி அதற்குச் சிரித்தான். சிரிக்கிற அளவுக்கு அதில் ஒன்றுமில்லை.

எப்போதாவது அசதியான ஒரு மத்தியானத்தில் வீரமுத்து, "கலியம்மா, எறங்கிரட்டுமா?" என்று கேட்பதுண்டு. அவள் வாசலை எட்டிப் பார்த்துவிட்டு, "ரிலீவரு இன்னும் வரலீங்க," என்பாள். அவரும் சரி என்று திரும்பிப் படுத்துக்கொள்வார்.

இந்த வருட ஷட்டவுன் தேதியை நேற்று ஒட்டியிருக்கிறார்கள். கலியம்மாள் வீரமுத்துவின் போர்வையைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறாள்.