மரை கழண்ட பல்

கவரைப்பேட்டை ஸ்டேஷனில் சாயங்கால லோக்கல் நின்றதும் பிளாட்பார முனையிலிருந்து ஒரு சீட்டிச் சத்தம் வரும். அது கேட்டால்தான் நான் தோசைக்கல்லில் மாவை ஊற்றுவேன். அவர் கைகால் கழுவி உட்காரும்போது தட்டில் தோசை சூடாக இருக்கும்.

அவர் என் மாமன் மகன், என் புருஷன், பரசுராமன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் இரும்பு ஆலையில் ஃபிட்டர். அந்த இரைச்சலில், மேலே உட்கார்ந்திருக்கும் கிரேன்காரரைக் கூப்பிட வாயில் இரண்டு விரலை வைத்துச் சீட்டி அடிக்கப் பழகினார். அந்தச் சீட்டிதான் எங்கள் வீடு வரைக்கும் வந்துவிட்டது.

சில வருஷம் முன்பு செயின் கொக்கி ஒன்று முகத்தில் அடித்து முன்பல் போனது. பல்லோடு சீட்டியும் போனது. விரலை வைத்து ஊதினால் வெறும் காற்றுதான். மனுஷன் எவ்வளவு சுருண்டு போனார் என்று எனக்குத்தான் தெரியும். பொன்னேரி டாக்டர் மேரி அம்மா தாடை எலும்பில் டைட்டானியம் ஆணியை இறக்கி, அதன்மேல் ஒரு பல்லை ஸ்க்ரூ போட்டு மாட்டினார். சீட்டி திரும்பி வந்தது. கூடவே சிரிப்பும்.

"ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வந்து காட்டுங்க" என்று டாக்டர் சொன்னதை மட்டும் இவர் அங்கேயே விட்டுவிட்டு வந்தார்.

கேட்டால், "டைட்டானியம்மே! துரு புடிக்குமா, சொத்தை வருமா? ஓடிக்கினு இருக்கிற மெஷினை எதுக்குத் தொறக்கணும்?" என்பார்.

கிரீஸ் வைக்க மறந்தவனை ஆலையில் கிழிகிழி என்று கிழிக்கிற வாய் இது. அந்த வாய்க்குள் மட்டும் பிரஷ் ஒழுங்காகப் போகாது. போதாக்குறைக்கு, குழாய் மரையில் சுற்றுகிற வெள்ளை டேப்பை அந்தப் பல்லால்தான் கடித்து அறுப்பார். வாயா, டூல் பாக்ஸா என்று நானும் கத்திப் பார்த்துவிட்டேன்.

போன மாதம் ஒருநாள் சீட்டி வரவில்லை, ஆள் மட்டும் வந்தார்.

"இன்னா மாமா, சீட்டி எங்க?"

"தொண்டை கட்டிக்கிச்சு."

சீட்டிக்கும் தொண்டைக்கும் என்ன சம்பந்தம்? மறுநாளும் சத்தமில்லை. அதற்கு அடுத்த நாள் நான் துணி எடுக்க உள்ளே போனால், ஐயா கண்ணாடி முன்னால் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறார். கையில் ஒரு சின்ன பாட்டில். நட்டு கழலாமல் இருக்க ஆலையில் மரையில் விடுவார்களே, அந்தப் பசை!

"அடப்பாவி! இன்னா பண்ற?"

"மரை கழண்டுகிச்சுமே. பல்லு ஆடுது. ஒரே ஒரு சொட்டு வுட்டா ஜென்மத்துக்கும் ஆடாது."

பாட்டிலைப் பிடுங்கினேன். "பல்லு ஒட்டுதோ இல்லியோ, வாய் ஒட்டிக்கும். அப்புறம் நாஷ்டாவை மூக்கு வழியா துன்னுவியா? டாக்டரைப் பாக்க இன்னா கேடு உனக்கு?"

அவர் திட்டவில்லை. கட்டிலில் உட்கார்ந்து தரையைப் பார்த்தார். "போனா மொத்தமாக் கழட்டிடுவாங்க, வினோதா. மறுபடியும் காத்துதான் வரும்."

எனக்கு இருந்த கோபமெல்லாம் பொசுக்கென்று இறங்கிவிட்டது. எனக்கும் அந்தப் பயம்தான். மறுநாள் லீவு போடவைத்து, கையைப் பிடித்து பொன்னேரிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

டாக்டர் பல்லை ஆட்டிப் பார்த்தார். "எலும்புல இருக்கிற ஆணியே ஆடுதுன்னா எடுக்கத்தான் வேணும். எக்ஸ்ரே பாத்துடலாம்."

படம் வரும்வரை இவர் என் கையை விடவேயில்லை. டாக்டர் அதை வெளிச்சத்தில் பார்த்துவிட்டுச் சிரித்தார். "எலும்பு கெட்டியா புடிச்சிருக்கு. மேல ஸ்க்ரூதான் லூஸ்."

"அது கல்யாணம் ஆனதுலேந்தே தெரியும் டாக்டர்!" என்றேன். நிம்மதியில் என் வாய் நிற்கவில்லை.

டாக்டர் பல்லைக் கழற்றி, அழுக்கைச் சுரண்டி, புது ஸ்க்ரூ போட்டு, பொம்மை மாதிரி ஒரு குட்டி ஸ்பேனரால் முறுக்கினார். அதைப் பார்த்ததும் இவர் கண் பளிச்சென்றது. ஸ்பேனர் 'டக்' என்று நின்றவுடன், "இன்னும் ஒரு இழு இழுங்க டாக்டர்" என்றார்.

"அளவுக்கு மேல இழுத்தா ஸ்க்ரூ என்ன ஆகும்? நீங்க ஃபிட்டர்தானே?"

"உடையும்" என்றார், பள்ளிக்கூடத்துப் பிள்ளை போல.

"ஈறு வீங்கி ரத்தம் வருது. இப்படியே விட்டா எலும்பு கரைஞ்சு அடுத்து ஆணியே ஆடும். டைட்டானியம் கெடாது, அதைப் புடிச்சிருக்கிற உடம்பு கெடும். இந்தக் குட்டி பிரஷ் தினமும் பல்லோரம் போகணும். டேப் கடிக்கக் கூடாது. வீக்கம் வடியுற வரைக்கும் சீட்டியும் கூடாது."

அன்றிலிருந்து ராத்திரி சாப்பிட்டதும் அந்தக் குட்டி பிரஷ்ஷோடு கண்ணாடி முன்னால் நிற்கிறார், பேரிங் துடைக்கிற பக்தியோடு. ஆனால் ஸ்டேஷன் பக்கம் மட்டும் சத்தமில்லை. லோக்கல் போன பிறகு வீடு வெறிச்சென்று இருக்கும். அந்தச் சீட்டி எனக்கு இவ்வளவு வேண்டியிருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது.

நேற்று மறுபடி காட்டிவிட்டு வந்தோம். டாக்டர் சரி என்றார்.

இன்று சாயங்காலம் லோக்கல் வந்து நின்றது. கரண்டியில் மாவோடு நின்றேன். வந்தது பாருங்கள் ஒரு சீட்டி! தெரு நாயெல்லாம் குரைத்தது. மாவை ஊற்றினேன், ஊற்றிய கையோடு வாசலுக்கு ஓடினேன்.

தெருமுனையிலிருந்து பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு வந்தவர், மூக்கைச் சுளித்தார்.

"ஏமே, தோசை தீஞ்சிக்கினு இருக்குது!"

"தீயட்டும் மாமா. இன்னொரு வாட்டி அடி."