எங்கட பொலிஸ்

பொலிஸ் ஸ்டேசனில் இமெல்டாவுக்குக் கதிரை போட்டார்கள். சும்மா சொல்லக்கூடாது, குடிக்கப் பிளேன்ரீயும் வந்தது. முன்பெல்லாம் அந்த வாசலில் நின்று, அரைகுறைச் சிங்களத்தில் ஏதோ சொல்லி, ஏச்சு வாங்கிக்கொண்டு திரும்பியவள்தான் அவள். இன்றைக்கு எதிரே கொன்ஸ்டபிள் மிதுஷன் இருந்து, "சொல்லுங்கோ அக்கா" என்று தமிழில் கேட்டான். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

அவனை அங்கே கொண்டுவந்ததே தாங்கள்தான் என்ற பெருமை அவளுக்கு. மாநகரசபைத் தேர்தலில் சவுந்தரநாயகத்துக்காகக் கொட்டாஞ்சேனை ஒழுங்கையெல்லாம் செருப்புத் தேயத் திரிந்தவளாயிற்றே. எங்கட ஆள் ஒருவர் சபையில் இருந்தால் பொலிசிலும் தமிழ் கதைக்கிற ஆள் இருப்பான், எங்கட பிள்ளைகளைக் கண்டபாட்டுக்கு அள்ளிக்கொண்டு போகமாட்டார்கள் என்று அவர் மேடையில் சொன்னதை இவள் வீடு வீடாகச் சொன்னாள். சனமும் வோட்டைப் போட்டது. மனுசன் வென்ற பிறகும் ஓயாமல் அலைந்து, சொன்னபடி அந்த ஸ்டேசனுக்கு மிதுஷனை எடுத்துக் கொடுத்தார். அன்றைக்கு அவருக்கு விழுந்த மாலை இமெல்டா கட்டினது.

அதனால்தான் தம்பி கொன்ஸ்ரன்ரைனை ஓட்டோவோடு பிடித்தபோது அவள் பெரிதாகப் பதறவில்லை. சீட்டுக்குக் கீழே ஐஸ் போதைப்பொருள் பார்சல் இருந்ததாம். துறைமுகத்தடியில் ஹயர் ஓடுகிறவன், பீடிகூடக் குடிக்காதவன், அவனிடம் ஐஸாம்! சவுந்தரநாயகத்துக்குப் போன் அடித்தாள்.

"ஒண்டையும் ஒளிக்காதை இமெல்டா. மிதுஷன் எங்கட பெடியன். மனசில கிடக்கிறதெல்லாத்தையும் கொட்டு" என்றார் அவர்.

கொட்டினாள். வத்தளையில் இருந்து ஒரு கூட்டாளி அடிக்கடி வந்து பார்சல் கொடுப்பான் என்றாள். உள்ளே என்னடா என்று கேட்டால், எனக்கென்ன தெரியும், ஹயர் சல்லி வருகுது என்பான் தம்பி. இனி ஏத்தாதே என்று சண்டைகூடப் பிடித்தாளாம், அவன் கேட்கவில்லையாம். தம்பி வெள்ளந்தி, குற்றமெல்லாம் அந்த வத்தளையானுடையது என்று காட்டத்தான் பாவி இவ்வளவும் சொன்னாள். மிதுஷன் "ம்" கொட்டிக் கொட்டி எழுதினான். ஆறுதலாக வாசித்தும் காட்டினான். ஒரு சொல் பிழையில்லை. பொலிசில் முதல்தடவையாக, தனக்கு விளங்கிய கடதாசியில் அவள் கையெழுத்து வைத்தாள்.

புதுக்கடை நீதிமன்றத்தில் பிணை கேட்ட அன்று அதைத்தான் எடுத்து வாசித்தார்கள். பார்சல் பலமுறை ஏற்றப்பட்டிருக்கிறது, எச்சரித்தும் சந்தேகநபர் நிறுத்தவில்லை, இதைச் சொன்னவர் கூடப்பிறந்த அக்கா. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே அக்காவின் வாயால் தம்பி கெட்டான். பிணை மறுக்கப்பட்டது. மொழிபெயர்ப்பாளர் சொல்லி முடித்ததும், கூண்டுக்குள் நின்ற கொன்ஸ்ரன்ரைன் அவளைத் தேடிப் பார்த்தான்.

"நீயா அக்கா சொன்னனீ?"

அவள் வெளியே ஓடிவந்து சவுந்தரநாயகத்துக்கு அடித்தாள். நீங்கள் ஒரு வார்த்தை கதைத்தால் போதும் என்று கெஞ்சினாள்.

"நான் இதுக்குள்ள வாய் திறந்தா, தமிழ்க் கள்ளருக்காகத்தான் தமிழ்ப் பொலிஸ் கேட்டனான் எண்டு சபையில சொல்லுவாங்கள்" என்றார். "அடுத்தது வெள்ளவத்தைக்கும் ஒரு ஆள் கேட்டிருக்கிறன். அதையும் கெடுக்கச் சொல்லுறியா?"

வைத்துவிட்டார். இந்த மனுசனுக்காகவா கதவு கதவாகத் தட்டினோம்? ஊரையே நம்பவைத்தது அவளுடைய வாய்தானே. நீதிமன்றப் படியில் குந்தினாள்.

மிதுஷன் தண்ணீர்ப் போத்தலோடு வந்தான். நல்ல பெடியன்தான், அவன் முகமும் கறுத்துக் கிடந்தது.

"அக்கா, அந்த வத்தளை ஆளின்ர பேர் தெரிஞ்சாச் சொல்லுங்கோ. தம்பிக்கு அது உதவும்."

உதவும்தான். பெயரும் அவளுக்குத் தெரியும், நாக்கு நுனியில் நின்றது. இமெல்டா அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"மட்ட தெமள தேரென்னே நே, மஹத்தயா."

தனக்குத் தமிழ் விளங்காதென்று சிங்களத்தில் சொல்லிவிட்டுச் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். மிதுஷன் போத்தலை நீட்டியபடியே நின்றான். அவனுக்குப் பின்னால் சிறைச்சாலை பஸ் கேற்றைத் தாண்டித் திரும்பியது, அதன் கம்பி வலைக்குள்ளிருந்து யாரோ ஒருவனின் விரல்கள் வெளியே நீண்டிருந்தன.