நாச்சியம்மை அறைக் கதவு

வலையபட்டிப் பெரிய வீட்டில் நாச்சியம்மையின் அறைக்கு இப்போது அவருடைய கொழுந்தன் சத்தியமூர்த்திதான் கதவு. காலையில் திறக்கிறார், இரவில் சாத்திக்கொள்கிறார்.

அந்த வீட்டில் எல்லா அறைக்கும் பர்மாத் தேக்கு. நாச்சியம்மையின் கணவர் பங்குக்கு வந்த அறைக்கு மட்டும், ரங்கூனில் உடைத்த வெள்ளைக்காரக் கப்பலின் ஓக் மரத்தில் கதவு. கணவர் இறந்த மறு வருடம் அவர் காசிக்குப் போய்த் திரும்பியபோது கதவைக் காணவில்லை. கரையான் அரித்துவிட்டது, எரித்துவிட்டோம் என்றார் சத்தியமூர்த்தி. வேறு கதவு கேட்டால் அடுத்த தை என்றார். முன்கட்டை ஓட்டலாக்கி, அதற்கு வார்னிஷ் அடித்து மினுக்கியவருக்கு அந்தத் தை மட்டும் வரவே இல்லை. நாச்சியம்மை வெறும் கதவு நிலையில் பழைய கண்டாங்கிச் சேலையைத் தொங்கவிட்டு இருபது வருடம் படுத்தெழுந்தார். ஓட்டல் விருந்தாளிகள் அதை விலக்கி, அவர் தலை சீவுவதைப் போட்டோ எடுத்தார்கள். ஏனென்று கேட்க ஒரு பங்காளி இல்லை.

சென்ற ஐப்பசியில் முகப்பில் போர்பன் ருசி பார்க்கும் விருந்து வைத்தார் சத்தியமூர்த்தி. அமெரிக்காவில் பதினெட்டு வருடம் பீப்பாயில் ஊறிய விஸ்கி. சென்னையிலிருந்து வந்த விருந்தாளி காசிவிஸ்வநாதன், "இந்தப் பீப்பாயே செட்டிநாட்டு ஓக் கதவு ஒண்ண அறுத்துச் செஞ்சதாம்" என்று பெருமையாகச் சொல்லி ஒரு வாய் குடித்தார். வெனிலா என்றார், கருப்பட்டி என்றார், பிறகு மஞ்சளும் சாம்பிராணியும் என்றார். மறுபடி வாயைத் திறந்தபோது கிரீச்சென்றது. குடித்த ஒவ்வொருவர் வாயும் அப்படியே கிரீச்சிட்டது. உள்கட்டிலிருந்து பீப்பாய்க் கதையைக் கேட்ட நாச்சியம்மைக்கு அந்தச் சத்தம் யாருடையதென்று தெரியும். எழுந்து வந்தார்.

"கரையான் தின்னுருச்சுன்னு சொன்னீகளே. கரையானுக்கு அமெரிக்கா டிக்கெட் எடுத்துக் குடுத்தது யாரு?"

"அண்ணமிண்டி, விருந்தாளிக முன்னாடி மானத்த வாங்காதீக" என்றார் சத்தியமூர்த்தி, அண்ணன் மனைவியிடம்.

"சேலைக்குப் பின்னாடி சேல மாத்துனேனே, அப்ப எங்குட்டுப் போச்சு இந்த மானம்?"

சாட்சி மிஞ்சக் கூடாதென்று சத்தியமூர்த்தி பாட்டிலை எடுத்து மிச்சம் முழுவதையும் வாயில் கவிழ்த்துக்கொண்டார். "கதவு எங்க இருக்கு, காட்டுங்க பாப்போம்" என்றார், கிரீச்சென்று. அதற்குள் அவர் கால்கள் உள்முற்றமான வளவைத் தாண்டி நடந்தன. நாச்சியம்மை அறை நிலையில் வலது தோள் போய்ப் பொருந்தியது. நாலு பேர் இழுத்தும் வரவில்லை. நாச்சியம்மை நிலையில் தொங்கிய கண்டாங்கியை அவிழ்த்து மடித்தார், உள்ளே போனார், கொழுந்தனை இழுத்துச் சாத்தினார்.

மற்றவர்களுக்கு விடிவதற்குள் சத்தம் போய்விட்டது. சத்தியமூர்த்திக்கு மட்டும், காரைக்குடி டாக்டர் மூட்டுக்கு விளக்கெண்ணெய் எழுதிக் கொடுத்திருக்கிறார். கேமராவோடு யாராவது வந்தால், "உள்ள ஆச்சி இருக்காக, தட்டிட்டு வாங்க" என்று அவரே சொல்கிறார். நெற்றியில் தட்டுகிறார்கள். மழைக்காலத்தில் கொஞ்சம் உப்பிப்போய், சாத்தும்போது முரண்டு பிடிக்கிறார். அந்த வீட்டில் மற்றக் கதவுகளும் அப்படித்தான்.