நான்காவது கொக்கி

சக்கரத்தை ஸ்டாண்டில் மாட்டி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டதும், மார்னிக்கு முதலில் தன் காதின் மேல்தான் சந்தேகம் வந்தது. சக்கரம் சுழல்கிறது, சத்தமே இல்லை.

வெளியே ஸ்குவாமிஷ் மலையூரின் மழை சாய்வாகப் பெய்துகொண்டிருந்தது. அவளுடைய சைக்கிள் கடையின் மேஜையில் சாய்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தான் லோர்ன். அவனுடைய மலைச் சைக்கிளின் பின் சக்கர ஹப், அதாவது அச்சின் மேல் சுழலும் நடுக்குடம், நேற்று இரண்டாகப் பிளந்துவிட்டது. நாளைக்குப் பந்தயம்.

"எடை குறையணும்னு கிராம் கணக்குப் பாத்துப் பாத்து வாங்கினீங்க இல்ல? இப்ப சைக்கிளைத் தோள்ல தூக்கிக்கிட்டு ஓடுங்க" என்றாள் மார்னி.

"வெந்த புண்ணுல குத்தாதீங்க. ரெண்டு வருஷம்கூடத் தாங்கல. ரஸ்ஸோட ஹப்பு மட்டும் எப்படித்தான் உழைக்குதோ!"

தன் கணவன் ரஸ்ஸின் அந்தச் சக்கரத்தைத்தான் லோர்னுக்கு இரவல் தரலாம் என்று காலையில் வீட்டிலிருந்து எடுத்து வந்திருந்தாள். போன இலையுதிர் காலத்தில் ரஸ் விழுந்ததிலிருந்து அது கராஜில் தொங்குகிறது. கழுத்தெலும்பு இரண்டு இடத்தில் விரிசல். இன்னொரு முறை விழுந்தால் கைகால் அசையாமல் போகலாம் என்று டாக்டர் சொன்னார். கட்டுப் பிரித்த அன்று ரஸ்ஸே சைக்கிளைத் தூக்கிக் கொக்கியில் மாட்டிவிட்டு, "அவ்வளவுதான், முடிஞ்சுது" என்று அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டான். அவனுக்காக வருத்தப்பட்டுக்கொண்டே அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினாள் மார்னி.

அந்த ஹப்பைத் தேர்ந்தெடுத்துச் சக்கரம் கட்டிக்கொடுத்தது அவள்தான். எடை அதிகம், முழுக்க எஃகு. மிதிக்காமல் உருளும்போது குளவிக்கூட்டைக் கலைத்தாற்போல் இரையும். சாயங்காலம் வீட்டுச் சரிவில் அந்த இரைச்சல் கேட்டால்தான் அவள் பாஸ்தாவைக் கொதிநீரில் போடுவாள். ஆள் முழுசாக வந்து சேர்ந்தான் என்பதற்கு அதுதான் முதல் செய்தி.

ஹப்பைக் கழற்றினாள். ஓராண்டு கிடந்த கிரீஸ் கறுத்துக் காய்ந்திருக்கும் என்று நினைத்த இடத்தில் பச்சைப் பசேலென்று புதுக் கிரீஸ் பிதுங்கி வழிந்தது. படகுகளை ஏற்றி இழுக்கும் வண்டிகளின் அச்சில் அப்புகிற கெட்டிக் கிரீஸ். ஓரத்து ரப்பர் வளையத்தில் செம்மண் ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். ஈரம்.

உள்ளே நான்கு சின்ன எஃகுக் கொக்கிகள். பெடலை மிதிக்கும்போது அவை வில்போல எழும்பிப் பல்வளையத்தைக் கவ்வ வேண்டும். அப்போதுதான் மிதித்த வேகம் சக்கரத்துக்குப் போகும். மிதிக்காதபோது பற்களில் தட்டித் தட்டி இரைவதும் அவைதான். சத்தம் பிடிக்காதவர்கள் கெட்டிக் கிரீஸை அப்பி அடைத்துவிடுவார்கள். இந்த ஊரில் வாரம் ஒருவரையாவது அதற்காக மார்னி திட்டி அனுப்புவாள். குளிரில் அது மெழுகாக இறுகிவிடும், கொக்கி எழும்பாது.

முதல் கொக்கியை அழுத்தினாள். எழும்பவில்லை. இரண்டாவதும் மூன்றாவதும் அப்படியே அமுங்கிக் கிடந்தன. நான்காவது மட்டும் மெதுவாக எழும்பியது. அதன் முனையும் சிதைந்திருந்தது.

"அட, ரஸ் ஏன் இதை ஊமையாக்கிட்டான்?" லோர்ன் எட்டிப் பார்த்தான். "போன வியாழக்கிழமைகூட மேட்டுல நல்லாத்தான ஏறிட்டிருந்தான்..."

மார்னி நிமிர்ந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டான்.

"உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்."

வியாழக்கிழமை, கழுத்துக்குப் பயிற்சி கொடுக்கும் மருத்துவமனைக்கு ரஸ் போகும் நாள். அவள்தான் துண்டும் தண்ணீரும் எடுத்து வைப்பாள். சில வாரங்களாக அவன் கன்னம் சிவந்து, பசியோடு வருவதைப் பார்த்து, அங்கே பயிற்சி கொடுக்கும் பெண்ணை மனதார வாழ்த்தியிருக்கிறாள்! கையிலிருந்த சின்ன ஸ்க்ரூடிரைவர் நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கத் தோன்றவில்லை.

கதவு மணி அடித்தது. படகுப் பட்டறையிலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு வந்த ரஸ், சூப் டப்பாக்களோடு உள்ளே நுழைந்தான். "செம மழை! லோர்ன், ஓசிக் காபி குடிக்கவே கடைக்கு வர்றியா நீ?" என்றவன் ஸ்டாண்டைப் பார்த்து அப்படியே நின்றான்.

"நான் அப்புறமா வரேன்" என்று லோர்ன் தொப்பியை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கிவிட்டான்.

"மார்னி, நான் சொல்லணும்னுதான்..."

"எதுக்கு இந்த கிரீஸ்?"

"உன் காதுல விழக்கூடாதுன்னு." அவன் சூப் டப்பாக்களை மேஜையில் வைத்தான். "நீ என்னைக் கண்ணாடிக் குடுவை மாதிரி பாக்குற. ராத்திரி நான் புரண்டு படுத்தாக்கூட எழுந்து உக்காந்துக்குற. மலை மேல போனா ஒரு மணி நேரம் நான் பழைய ரஸ். நிதானமாத்தான் போறேன். இறங்கறப்போ பிரேக்கிலிருந்து கையே எடுக்கறதில்ல. ஏறும்போது யாரு விழுவா?"

"எந்த வழியா ஏறின?"

"பாறை ஓரமா. அந்தக் குறுகல் வழி."

"எழுந்து நின்னு மிதிச்சியா?"

"அங்க உக்காந்துக்கிட்டு ஏற முடியுமா?"

பொய் சொன்னதற்காகக் கத்த வேண்டும் என்றுதான் அவள் வாயைத் திறந்தாள். வார்த்தை வேறாக வந்தது. "இங்க வா. உன் விரலால அழுத்திப் பாரு."

அவன் அழுத்தினான். முதலாவது. இரண்டாவது. மூன்றாவது. படகுகளோடு பிழைக்கிறவன்தான் என்றாலும், எழும்பாத கொக்கி என்றால் என்னவென்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. எழுந்து நின்று முழு எடையையும் பெடலில் போடும் நேரத்தில் பிடி விட்டால், கால் வெறுமையில் இறங்கும், நெஞ்சு கைப்பிடியில் மோதும், அப்புறம் பாறை ஓரத்தின் அந்தப் பக்கம்.

அவன் உதடு வெளுத்தது. பக்கத்தில் கிடந்த முக்காலியைக் காலால் தேடி உட்கார்ந்தான்.

"எனக்குத் தெரியாது மார்னி. சத்தியமா. சத்தம் மட்டும்தான் நிக்கும்னு நெனச்சேன்."

"என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்" என்றாள். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு அபத்தம் என்று அவளுக்கே உறைத்தது. ஊரெல்லாம் இதைக் கேட்க வருகிற ஒருத்தியிடம், கேட்கவே முடியாமல் போனவன் அவன் ஒருவன்தான். எப்போது அப்படி ஆனேன் நான்?

சூப் டப்பாக்களின் மூடியில் ஆவி படிந்து ஆறிக்கொண்டிருந்தது.

"இனிமே போவியா?"

அவன் விரலை நான்காவது கொக்கிக்குக் கொண்டுபோனான். "இது ஒண்ணுதான் என்னைத் தாங்குச்சா?" என்றான். அவள் தலையசைத்தாள். மெல்ல அழுத்தினான், அமுங்கியது. எடுத்தால் திரும்ப எழும்பாதோ என்று பயந்தவனாக விரலை அப்படியே வைத்திருந்தான். பச்சைக் கிரீஸ் அப்பிய அவன் விரலின்மேல் தன் விரலை வைத்துக்கொண்டு அவளும் குனிந்து பார்த்தபடி நின்றாள்.